மறுபடி ஹேல்

“அதெல்லாம் ஒரு ராப் பாட்டா? மோரக் குடிச்சிட்டு ஏப்பம் விட்ட மாதிரி இருக்கு.”

“பேரே மோர்தானே பொண்ணு. வேற எப்படி இருக்கும்?”

“பேர் வச்சாப் போதுமா? நேத்து முழுசாக் கேட்டேன் பெருசு. ஒரே பாட்டுல எட்டு தடவ ‘என் தெரு, என் தெரு’ங்கறானுங்க. அந்த டிக்ஸ்மாய்ட ஊர்ல இருக்கிறதே நாலு தெரு. அதுல ரெண்டுல வெண்ணெய்க் கடை.”

ஓர்ட்வின் சிரித்ததில் ரொட்டித்துண்டு தொண்டையில் மாட்டி இருமினார். ஃபீன் அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அவர், காய்கறியை உறையவைத்து விற்கும் எங்கள் தொழிற்சாலையில் தூக்குவண்டி ஓட்டுபவர். ஐம்பத்து நாலு வயது. ‘மோர்’ என்ற பெயரில் பாடும் இரண்டு பையன்களின் முதல் கச்சேரிக்கு, ஒரு பன்றிப்பண்ணைக் கொட்டகைக்குள் மழையில் போய் நின்றவர். ஃபீனுக்கு இருபத்தைந்து. என் எதிரே நின்று குட்டிக்கோசு பொறுக்குகிறவள். அவளுக்கு ஒரே ஒரு பாடகன்தான். ஸ்லுன்ஸ. எங்கள் ஊரில் தரை துடைக்கும் கந்தைத்துணிக்கு அதுதான் பெயர்.

“உன் கந்தத்துணி மட்டும் என்னவாம்?” என்றார் ஓர்ட்வின், கண்ணைத் துடைத்துக்கொண்டே. “மூச்சு விடவே தெரியல அவனுக்கு. கடைசி வரில ஆள் முங்கிப் போறான்.”

“முங்கணும். அதுக்குத்தானே அந்தப் பாட்டு.”

“பாட்டப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல.”

“சொல்லித்தான் பாருங்களேன்.”

ஓர்ட்வின் கண்ணை மட்டும் ஒருமுறை ஜன்னலோர மேசைப் பக்கம் ஓட்டிவிட்டுக் காபியைக் குடித்தார். அங்கே லீவெ தனியாக உட்கார்ந்து, டப்பாவில் கொண்டுவந்த பட்டாணி சூப்பை ஆறவிட்டுக்கொண்டிருந்தாள். ஸ்லுன்ஸ அவளுடைய மகன். அவனுடைய உண்மைப் பெயர் டீமென். கென்ட் நகரத்தில் இருக்கிறான். இரண்டு வருடமாக வீட்டுக்கு வரவில்லை.

நவம்பர் மாதம் எங்களுக்குக் கோசு மாதம். வயலில் பனி இறங்கியதும் லாரிகள் வரிசையாக வந்துவிடும். காலை ஆறு மணிக்கு பெல்ட் ஓடத் தொடங்கினால், பச்சை உருண்டைகள் ஆற்று வெள்ளம்போல வரும். மஞ்சள் இலை, கல், நத்தை, சில நேரம் ஒரு தவளை. அதையெல்லாம் பொறுக்கி எறிய வேண்டும். நீலக் கையுறைக்குள் விரல் விறைத்துப் போகும். அவித்த கோசின் வாடை ஊர் முழுக்க நிற்கும். கொடியில் காயும் துணியில், குழந்தைகளின் தலைமுடியில், மாதாகோயிலுக்குள்கூட. வெளியூரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவர்கள் முதல் வருடம் ஜன்னலைச் சாத்துவார்கள். இரண்டாம் வருடம் சாத்த மாட்டார்கள்.

பேச்சிலும் எங்களுக்கு ஒரு வாடை உண்டு. எங்கள் வாயில் ‘க’ நிற்காது, ‘ஹ’ ஆகிவிடும். உண்மையான ‘ஹ’ வந்தால் அது காற்றோடு போய்விடும். கென்ட் நகரம் எங்களுக்கு ஹென்ட். ஹோண்ட் என்கிற நாய் எங்களுக்கு ஓண்ட். தொலைக்காட்சியில் எங்கள் ஊர் விவசாயி பேசினால் திரையின் அடியில் எழுத்து ஓடும். நாடே பேசுகிற அதே மொழிதான். ஆனாலும் ஓடும். ஃபீன் பள்ளியில் படித்தபோது, ‘பச்சைக் காய்கறி’ என்ற இரண்டு சொல்லைத் திருத்தமாகச் சொல்லும்வரை ஆசிரியை அவளை வகுப்பின் முன்னால் நிற்க வைத்தாராம். எங்கள் மொழியில் அந்த இரண்டு சொல்லும் ‘க’வில் தொடங்குகிறவை. ஒரு மதியம் முழுக்க நின்றாள். “இப்ப வாழ்க்கையே பச்சைக் காய்கறியோடதான்” என்று சொல்லிச் சிரிப்பாள். ஆனால் அந்த மதியத்தை அவள் மறக்கவில்லை. ஸ்லுன்ஸ எங்கள் வாயை அப்படியே வைத்துப் பாடினான். அதற்காகவே அவள் அவனுடைய பாட்டுகளையெல்லாம் கேட்டுக் கேட்டு எழுத்தாக்கி, கடினமான சொல்லுக்குப் பொருளும் போட்டு, இணையத்தில் ஒரு பக்கம் நடத்தினாள். எந்தச் சந்தேகம் என்றாலும் ரசிகர்கள் அங்கேதான் வருவார்கள்.

அக்டோபரில் அவனைத் தலைநகரத் தொலைக்காட்சியில் பாட வைத்தார்கள். எங்கள் ஊரில் அன்று தெருவில் நாய்கூட இல்லை. கோசு சலிக்கும் எந்திரத்தின் ஓசையைப் பதிவுசெய்து தாளமாக வைத்திருந்தான். அதைக் கேட்டதுமே எங்களுக்கெல்லாம் கை தானாக எதையோ பொறுக்கப் போனது. கடைசியில் அந்த வரி வந்தது.

*மழைக்கோட்டு ஆணியில, பூட்ஸு வாசல்ல,*
*மறுபடி ஹேல், அப்பா மறுபடி ஹேல்.*

எங்கள் வாயில் ‘ஹேல்’ ஆகிவிடும் கேல் என்பது நாட்டின் மறுகோடியில் இருக்கும் ஓர் ஊர். மனம் கலங்கியவர்களைத் தங்கள் வீட்டில் வைத்துச் சோறு போடும் வழக்கம் அங்கே பல நூறு வருடங்களாக உண்டு. நல்ல ஊர். ஆனால் எங்கள் பக்கம் அது ஊர்ப்பெயராக நிற்கவில்லை. ஒருவர் எந்த ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாலும், நோய் மனதில் என்றால், “ஹேலுக்குப் போயிட்டான்” என்பார்கள். லீவெயின் கணவர் மார்னிக்ஸ் மூன்றாம் முறையாகப் போயிருந்தார். அவர் இருந்த ஆஸ்பத்திரி பேருந்தில் ஒன்றரை மணி நேரத் தொலைவுதான். டீமென் சிறுவனாக இருந்தபோது அவனுடைய சைக்கிள் இருக்கையில் யாரோ அந்தச் சொல்லை ஆணியால் கீறியிருந்தார்கள்.

ஆனால் திரையின் அடியில் ஓடிய எழுத்து வேறு. எழுதியவர் வெளியூர்க்காரர். அவர் காதில் விழுந்தது ‘ஹேல்’. நாட்டின் பொதுப் பேச்சில் ‘ஹேல்’ என்றால் முழுசு; சேதமில்லாதது; உடைந்து மறுபடி ஒன்றாகச் சேர்ந்தது. அதனால் இப்படி ஓடியது:

*மழைக்கோட்டு ஆணியில், காலணி வாசலில்,*
*மறுபடி முழுசு, அப்பா மறுபடி முழுசு.*

நாங்கள் முழுசு என்று சொல்ல நினைத்தால் ‘ஏல்’ என்றுதான் சொல்வோம். எங்கள் ஊரில் மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும். ஃபீனுக்கு ரத்தம் கொதித்தது. அன்றே எழுதத் தொடங்கிவிட்டாள். ‘எங்கள் வாயைக் கேட்கத் தெரியாதவர்கள் எங்களுக்குக் கீழே எழுதாதீர்கள்’ என்று ஒரு மனு. ஆயிரத்து நானூறு பேர் பெயர் போட்டார்கள். ஓர்ட்வின் போட்டார், ‘மோர்’ பையன்கள் போட்டார்கள், நானும் போட்டேன். இரண்டு வாரம் இடைவேளைகளில் எங்களுக்கு வேறு பேச்சில்லை. ‘ஹ’ எங்கே வரும், எங்கே விழும், யாருடைய ஊரில் எப்படி. அந்தச் சொல்லுக்குள் ஒரு மனிதர் படுத்திருக்கிறார் என்பது எங்களுக்கு மறந்தே போயிருந்தது.

நானாவது மறந்திருக்கக் கூடாது. மார்னிக்ஸ் என் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி. இருபத்தாறு வருடம் எங்கள் தொழிற்சாலையின் உறைகூடத்தில் வேலை பார்த்தவர். காய்கறி கல்லாக உறைந்து வெளியே வரும் அந்த நீளக் கூண்டில், ஆள் உயர விசிறிகள் இரவுபகலாக ஓடும். அவர் சேர்ந்த காலத்தில் காதுக்கு எதுவும் கொடுக்கவில்லை. முதலில் பறவைச் சத்தம் போனது, பிறகு பேச்சு. எல்லாம் போன பிறகும் விசிறி மட்டும் நிற்கவில்லை. காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. போன மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊர் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் வீடு வீடாக வந்து கதவைத் தட்டினார். “அந்த விசிறிய கொஞ்சம் நிறுத்துறீங்களா? ரொம்ப நேரமா ஓடுது.” என் வீட்டுக்கும் வந்தார். விசிறி இல்லை என்று எல்லா அறையையும் திறந்து காட்டினேன். ஒவ்வொரு அறை வாசலிலும் பூட்ஸைத் துடைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். மன்னிப்புக் கேட்டார். அடுத்த வீட்டுக்குப் போனார்.

“பதில் வந்துடுச்சு!” என்று இப்போது ஃபீன் கைபேசியை உயர்த்திக் காட்டினாள். “இருங்க, படிக்கறேன். ‘தங்கள் சுட்டிக்காட்டலுக்கு நன்றி. வரும் ஞாயிறு மதியம் மூன்று மணி மறு ஒளிபரப்பில் பிழை திருத்தி வெளியாகும்.’ கேட்டீங்களா? திருத்தி!”

“ஒத்துக்கிட்டாங்களா!” ஓர்ட்வின் மேசையைத் தட்டினார். “நம்ம சனம் சொல்லி அவனுங்க மாத்தறது எனக்குத் தெரிஞ்சு இதான் மொத தடவ.”

“கேல்னு பெரிய எழுத்துல வரும். ஊர்ப்பேராச்சே.”

ஜன்னலோரத்தில் லீவெ டப்பாவை மூடினாள். ஒரு கரண்டி சூப்கூடக் குறைந்திருக்கவில்லை.

பத்து மணிக்கு இடைவேளை முடிந்து, பூட்ஸ் கழுவும் தொட்டியருகே வரிசை நின்றது. வெளியே மழை இல்லை, மழைக்கு முன்னால் வரும் அந்தச் சாம்பல் இருட்டுத்தான். லீவெ வரிசையில் நிற்காமல் நேராக ஃபீனிடம் வந்தாள். நான் ஃபீனுக்கு அடுத்து நின்றேன். நகர்ந்துவிடலாமா என்று பார்த்தேன், இடமில்லை.

“ஃபீன், அந்தக் கடுதாசி,” என்றாள் லீவெ. “அத நிறுத்த முடியுமா?”

“எத?”

“ஞாயித்துக்கிழமை மாத்தறாங்களே. மாத்த வேண்டாம்னு எழுது.”

ஃபீன் சிரித்தாள், பிறகு அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். “லீவெ, அது தப்பு. டீமென் சொன்னதுக்கு நேர் எதிரா எழுதியிருக்காங்க.”

“தெரியும். அவன பெத்தது நான். அவன் என்ன சொன்னான்னு எனக்குத் தெரியாதா?”

“அப்புறம் என்ன?”

“மார்னிக்ஸ் பாத்துட்டார்.”

பின்னால் நின்ற யாரோ தண்ணீர்க் குழாயை மூடினார்கள். லீவெ குரலைத் தாழ்த்தினாள்.

“ஆஸ்பத்திரில எல்லாரும் உக்கார்ற கூடம் இருக்கு. அங்க ஒரு டிவி. அவருக்குக் காது எப்படின்னு உனக்குத் தெரியுமே. அவன் பாட்டு ஒண்ணுகூட அவர் கேட்டதில்ல. கேக்கவும் முடியாது. ஸ்பீக்கர் மேல கைய வச்சுப் பாப்பார், முன்னாடி, அவன் வீட்ல இருந்தப்ப. அன்னிக்கு எழுத்து ஓடுச்சா, படிச்சுட்டார். எங்க பையன் நாடு பூரா பாக்க, ‘அப்பா மறுபடி முழுசு’ன்னு பாடியிருக்கான். அதான் அவர் படிச்சது.”

ஃபீன் கைபேசியைப் பைக்குள் போட்டாள்.

“மார்ச்சுலேருந்து வாரத்துக்கு ரெண்டு நாள் ரெண்டு பஸ் மாறிப் போறேன். குங்குமப்பூ போட்டுப் பால்சோறு செஞ்சு எடுத்துட்டுப் போவேன். மூடியத் தொறக்கவே மாட்டார். அந்தப் புதன்கிழமை போனா, ஆள் ஷேவ் பண்ணிட்டு உக்காந்திருக்கார். கிண்ணத்த வழிச்சுத் தின்னுட்டு, ‘பூட்ஸ வாசல்ல வச்சிருக்கியா?’ன்னார். எனக்கு மொதல்ல புரியல. ‘பாட்டுல இருக்கே’ன்னார். ‘பையன் நான் வந்துட்டதாவே எழுதியிருக்கான், நான் போகாம இருந்தா எப்படி’ன்னார்.”

“அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?”

“வச்சிருக்கேன்னேன். அன்னிக்கு வீட்டுக்கு வந்ததும் பரண்லேருந்து எடுத்து வச்சேன்.”

ஃபீன் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “டீமென்கிட்ட சொன்னீங்களா?”

“எப்படிச் சொல்லுவேன்? அவன் சின்ன வயசுலேருந்து அந்தச் சொல்லால அடி வாங்கினவன். ஒரு நாள்தான் வாயத் தொறந்து அத வெளிய சொல்லியிருக்கான். ‘கண்ணு, நீ தப்பாச் சொன்னதாவே இருக்கட்டும், அப்பா சந்தோசமா இருக்கார்’னு நான் போய்ச் சொன்னா, அப்புறம் அவன் பாடுவானா?”

“அப்ப என்கிட்ட மட்டும் கேக்கலாமா?” ஃபீனின் குரல் சற்று உயர்ந்தது. “சொல்லுங்க. என்னய ஒரு மதியம் நிக்க வச்சாங்க, உங்களுக்குத் தெரியுமா? எங்க அம்மா ஆஸ்பத்திரில டாக்டர்கிட்ட பேசவே கூச்சப்பட்டுச் செத்தா. எங்க நோவுதுன்னு அவளுக்கு நல்லாத் தெரியும். நம்ம பேச்சுல சொல்ல வெக்கம். ஒரே ஒரு தடவதான் நாம சொன்னத சொன்னபடி எழுதுங்கடான்னு கேட்டோம். குடுத்துட்டாங்க. அதப் போய் வேண்டாம்னு எழுதச் சொல்றீங்க.”

“கோவிச்சுக்காத.”

“கோவமில்ல லீவெ. எழுதினாலும் நடக்காது. ஆயிரத்து நானூறு பேர். மாத்தி முடிச்சுட்டாங்க. நான் ஒருத்தி நிறுத்துன்னா நிறுத்துவாங்களா?”

லீவெ தலையாட்டினாள். அது ஏற்கெனவே அவளுக்குத் தெரியும் என்பதுபோல இருந்தது அந்த ஆட்டல். கையுறையைக் கழற்றி, வெளுத்துச் சுருங்கிப்போன விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“டிவிய ஆஃப் பண்ணிடுங்க,” என்றேன் நான். பேசியிருக்கக் கூடாது. “அன்னிக்கு எங்கயாவது கூட்டிட்டுப் போயிடுங்க. கடற்கரைக்கு.”

லீவெ என்னைத் திரும்பிப் பார்த்தாள். “சனி ஞாயிறு ரெண்டு நாள் அவர வீட்டுக்கு அனுப்பறாங்க. மார்ச்சுக்கு அப்புறம் இதான் மொத தடவ. எதுக்கு வர்றார்னு நெனைக்கிற? அவர் பையனத் தன் வீட்டு டிவில பாக்கணுமாம். அவர் தம்பிக்குச் சொல்லியாச்சு. உறைகூடத்து ஆளுங்க ரெண்டு பேருக்குச் சொல்லியாச்சு. ‘நான் முழுசாயிட்டேன்னு அவனுங்களும் படிக்கட்டும்’ங்கறார். வார்டு நர்ஸ்கிட்ட, எல்லாரையும் மூணு மணிக்கு டிவி முன்னால உக்கார வைக்கச் சொல்லியிருக்கார். எந்த டிவிய ஆஃப் பண்ணுவேன்?”

சைரன் ஒலித்தது. வரிசை எங்களைத் தாண்டி, எங்களைப் பார்க்காததுபோல உள்ளே போனது. ஓர்ட்வின் மட்டும் தூக்குவண்டியின் மேல் உட்கார்ந்தபடி, சாவியைப் போடாமல் இருந்தார். கொட்டகைக்கு வெளியே மழை வந்துவிட்டது. லாரியிலிருந்த கோசின் மேல் அது விழும் சத்தம் கேட்டது.

“அவர்கிட்ட முன்னாடியே சொல்லிட்டா?” என்றாள் ஃபீன் மெதுவாக. “ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லலாமே, பக்குவமா.”

“என்னன்னு? ‘ஐயா, உங்க பையன் பாடினது முழுசு இல்ல, பைத்தியம்’னா?”

“அப்படி இல்ல. அந்தப் பாட்டு அப்பா மேல இருக்கிற பாசத்துலதான்…”

“உனக்குத் தெரியும். எனக்குத் தெரியும். கேக்கறவங்களுக்கெல்லாம் தெரியும், அவன் குரல் அந்த எடத்துல எப்படி உடையுதுன்னு. அவருக்குக் குரல் ஏது? எழுத்துத்தானே.”

ஃபீன் ஸ்லுன்ஸயின் அந்த உடையும் குரலைப் பற்றித் தன் இணையப் பக்கத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். எந்த அசையில் மூச்சு முடிகிறது, எங்கே விழுங்குகிறான் என்று. நான் அதைப் படித்திருக்கிறேன். அந்த வரியில் அவன் கோபமாக இல்லை, வாசலில் நிற்கும் குழந்தையாக இருக்கிறான் என்று எழுதியிருந்தாள்.

மேற்பார்வையாளர் தூரத்திலிருந்து கையைத் தட்டினார். லீவெ கையுறையை மறுபடி மாட்டத் தொடங்கினாள். ஈரத்தில் விரல் நுழையவில்லை. ஃபீன் அவள் கையைப் பிடித்து, ஒவ்வொரு விரலாக இழுத்து மாட்டிவிட்டாள்.

“சரி, கடுதாசிய விடு,” என்றாள் லீவெ. “வேற ஒண்ணு கேக்கறேன். அந்த எழுத்து மாறி வந்ததும் அவர் குழம்பிப் போவார். யாராவது ஒருத்தர்கிட்ட கேப்பார், ‘பாட்டுல என்னதான் சொல்றான்’னு. என்கிட்ட கேக்க மாட்டார். முப்பது வருசமா அவர் மனசு நோகக் கூடாதுன்னு பொய் சொல்லிச் சொல்லி, என் பேச்சுக்கு அந்த வீட்ல மதிப்பே இல்லாமப் போயிடுச்சு. ஆனா அவன் பாட்டு எல்லாம் உனக்குத்தான் மனப்பாடம்னு அவருக்குத் தெரியும். நான்தான் சொல்லியிருக்கேன்.”

“லீவெ…”

“கேளு. பொய் சொல்லச் சொல்லல. அவருக்குக் காதுல விழாது, உதட்டத்தான் பாப்பார். ஹேல்னாலும் ஏல்னாலும் உதட்டுல ஒண்ணுதான். ராத்திரி கண்ணாடி முன்னால நின்னு சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன், ஒரு வித்தியாசம் இல்ல. பாட்டுல எப்படி இருக்கோ அப்படியே, நம்ம வாயால, அவருக்கு நேரா சொல்லு. எது வேணுமோ அத அவர் எடுத்துக்குவார். நீ ஞாயித்துக்கிழமை ரெண்டரைக்கு வந்து அவர் பக்கத்துல உக்காரறியா, ஃபீன்?”